நானோகுழாய் நெசவு மோதலைத் தாங்குமா? கணினியில் சோதிக்கும் விதம்

(திரையில்: பாவும் ஊடையுமாகப் பின்னிய கறுப்புக் குழாய்கள்)

வணக்கம். இங்கே பாவாகவும் ஊடையாகவும் ஓடுவது நூல் அல்ல, கார்பன் நானோகுழாய்: ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் தாளைச் சுருட்டியது போன்ற, சில நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) விட்டமுள்ள நுண்குழாய். 2000ஆம் ஆண்டில் தனித்தனிப் பல்சுவர்க் குழாய்களை, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்டவற்றை, மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்து இழுத்தபோது, வெளிச்சுவர் 11 முதல் 63 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு நூறு கோடி நியூட்டன் விசை) வரை தாங்கியது. குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழை தாங்குவது ஏறத்தாழ 3.6 கிகாபாஸ்கல்.

அந்த எண்ணை அப்படியே துணிக்கும் எழுதிவிடக் கூடாது. குழாய்க்குள் அணுக்களைப் பிடித்திருப்பது எலக்ட்ரான்களைப் பகிர்வதால் உண்டாகும் உறுதியான சகப்பிணைப்பு. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே இருப்பதோ வாண்டர் வால்ஸ் விசை எனும் மெலிந்த ஈர்ப்பு. அதனால் இழுக்கும்போது, அறுவதற்கு வெகு முன்பே குழாய்கள் வழுக்கி உருவிக்கொண்டு வந்துவிடும். பாவும் ஊடையும் மாறி மாறி ஏறி இறங்கும் இடங்களில் ஏற்படும் அழுத்தமும் உராய்வுமே இந்த வழுக்கலைத் தடுக்கின்றன. ஆனால் அதே இடத்தில் குழாய் வளைவதால் முறிவும் அங்கே தொடங்கக்கூடும்.

(திரையில்: துணியை நோக்கி வரும் சிறு கோளம்)

இந்த மோதலைக் கணினியில் சோதிக்கும் மூலக்கூறு இயங்கியல் முறையில், ஒவ்வோர் அணுவின்மீதும் அண்டை அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி அந்த அணுவை ஒரு பெம்டோவினாடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நேரத்துக்கு நகர்த்தி, மீண்டும் முதலிலிருந்து கணக்கிடுவார்கள். நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கோளம் 10 நானோமீட்டரைக் கடப்பதற்குள் இப்படி 10,000 முறை கணக்கிட்டாக வேண்டும். உள்ளே வந்த வேகத்துக்கும் வெளியேறும் வேகத்துக்கும் உரிய இயக்க ஆற்றல்களின் வேறுபாடே கோளம் இழந்த ஆற்றல். குழாய் வழியே அதிர்வலை நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், அடி விழுந்த இடத்தின் சுமை விரைவாகப் பரவிவிடுகிறது.

நான் முதலில் சரிபார்க்கச் சொல்வது பிணைப்பு அறும் கணத்தைத்தான். இயல்பாக 0.142 நானோமீட்டர் நீளமுள்ள கார்பன் பிணைப்பு 0.17ஐத் தாண்டும்போது, கார்பன் அணுக்களுக்கு இடையிலான விசையைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் ஏஐரெபோ (AIREBO) விசைச் சூத்திரத்தின் வெட்டுச் சார்பு, அதாவது குறிப்பிட்ட தொலைவுக்குமேல் பிணைப்பு விசையைச் சுழியமாக்கும் பகுதி, குறுக்கிட்டு, இயற்கையில் இல்லாத இறுக்கத்தைக் காட்டுகிறது. அதைத் திருத்தாமல் ஓட்டினால் துணி உண்மையைவிட வலிமையாகத் தெரியும். அதனால்தான் வெட்டுச் சார்பு தொடங்கும் அந்த எல்லையை 0.2 நானோமீட்டர் அருகே தள்ளிவைக்கிறார்கள்.

லேசரால் நுண்மணிகளை ஏவி மெல்லிய படலங்களைத் தாக்கும் ஆய்வகச் சோதனைகள் மைக்ரோமீட்டர் அளவில் நடக்கின்றன. அந்த அளவை எட்ட, பல அணுக்களை ஒரே மணியாகத் திரட்டிக் கணக்கிட வேண்டும். அந்த மணிகளுக்கு இடையிலான விசைகளை, மேலே சொன்ன அணுக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.