கூடிப் பேசுவதும் கூடி உழைப்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

பல சமயத் தலைவர்கள் ஒரே மேடையில் கைகோத்து நிற்கும் புகைப்படத்தை நாம் அனைவரும் செய்தித்தாள்களில் பார்த்திருக்கிறோம். எங்கோ ஒரு கலவரம் ஓய்ந்த மறுவாரத்திலோ, ஏதேனும் ஒரு சிறப்பு நாளிலோ அவர்கள் வரிசையாக அமர்ந்து, தத்தம் மறைநூலிலிருந்து அன்பைப் பற்றிய ஒரு வரியை எடுத்துச் சொல்லி, படமெடுத்துக்கொண்டு கலைந்து செல்வார்கள். அத்தகைய மேடைகளை நான் இகழவில்லை. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் தொடங்கிய உலக சமயப் பேரவையும் ஒரு மேடைதான். விவேகானந்தரின் குரலை உலகம் கேட்டது அங்கேதான். பிப்ரவரி முதல் வாரத்தை உலக சமய நல்லிணக்க வாரமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2010இல் தீர்மானம் நிறைவேற்றியதும் நல்ல செயலே. ஆயினும் அந்த ஒரு வாரம் முடிந்த பிறகு வருகிற ஐம்பத்தொரு வாரங்களில் ஒரு நகரத்தில் என்ன நடக்கிறது என்பதே என் அக்கறை. இந்த உரையும் அதைப் பற்றியதுதான்.

ஒருவரைப் பற்றி மற்றவர் கொண்டிருக்கும் தப்பெண்ணம் எப்போது குறைகிறது என்ற கேள்வியை 1954ஆம் ஆண்டிலேயே கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஆராய்ந்திருக்கிறார். வெறுமனே அருகருகே வாழ்ந்தால் போதாது என்பது அவர் கண்ட முடிவு. கூடுபவர்கள் சமநிலையில் கூட வேண்டும். இருசாராருக்கும் பொதுவான ஓர் இலக்கு இருக்க வேண்டும். அந்த இலக்கைப் போட்டியிட்டு அல்லாமல் ஒத்துழைத்து அடைய வேண்டும். அதற்குச் சட்டமோ நிர்வாகமோ மதிப்புக்குரிய பெரியவர்களோ வெளிப்படையாகத் துணைநிற்க வேண்டும். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புகைப்பட மேடையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சமநிலை இருக்கிறது, பெரியவர்களின் ஆதரவும் இருக்கிறது. ஆனால் சேர்ந்து முடிக்க வேண்டிய வேலை என்று அங்கே ஒன்றும் இல்லை.

வேலை இருந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். மும்பைக்கு அருகில் பிவண்டி என்றொரு விசைத்தறி நகரம் இருக்கிறது. 1970இலும் 1984இலும் அங்கு நடந்த இந்து முஸ்லிம் கலவரங்களால் அந்த ஊரின் பெயரே அச்சத்தோடு உச்சரிக்கப்பட்ட காலம் உண்டு. 1988இல் அங்கே காவல்துறைத் துணை ஆணையராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோபடே, கலவரம் வந்தால் அடக்குவது எப்படி என்று மட்டும் யோசிக்காமல், அது வராமலிருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தார். ஒவ்வொரு மொஹல்லாவிலும், அதாவது ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும், இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குழுக்களை அமைத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழுக்கள் கலவர நாளில் அவசரமாகக் கூட்டப்பட்டவை அல்ல. எந்தச் சிக்கலும் இல்லாத சாதாரண நாட்களில், மீண்டும் மீண்டும், காவல்துறையினரோடு உட்கார்ந்து பேசியவை. அதனால் பக்கத்துத் தெருவில் யாரைக் கேட்டால் உண்மை தெரியும் என்பது இருசாராருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு 1992 டிசம்பர் வந்தது. அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை பற்றி எரிந்தது. ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தார்கள். அதுவரை கலவரத்துக்குப் பெயர்போன பிவண்டியோ அமைதியாக இருந்தது. அடுத்திருந்த பெருநகரம் எரிய, எரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஊர் எரியவில்லை. இதற்குக் குழுக்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். விழிப்பான காவல்துறைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வதந்தி கிளம்பும் வேளையில் யாரிடம் கேட்பது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததன் மதிப்பை எந்த மேடைப் பேச்சும் ஈடுசெய்யாது. வீடு தீப்பற்றிய பின் கிணறு வெட்டத் தொடங்குவதில் பயனில்லை என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான். சாதாரண நாள், சாதாரண நாள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு நண்பர்கள் சலித்துக்கொள்வதுண்டு. நேயர்களும் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் சில முறை சொல்லவிருக்கிறேன்.

சரி, அமைதி காப்பது ஒன்று; நகரத்துக்குத் தொண்டு செய்வது மற்றொன்று. இரண்டாவதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1986இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உருவான ஒரு வலையமைப்பு. வீடிழந்த குடும்பங்கள் தங்குவதற்கு இடமில்லை. புதிய விடுதி கட்டப் பணமும் இல்லை. ஆனால் ஊரிலுள்ள வழிபாட்டுத் தலங்களின் கூடங்கள் இரவு நேரங்களில் பூட்டியே கிடந்தன. ஒவ்வொரு தலமும் முறைவைத்து ஒரு வாரம் தன் கூடத்தைத் திறந்து சில குடும்பங்களுக்கு உணவும் படுக்கையும் தருவது, அடுத்த வாரம் மற்றொரு தலம் அந்தப் பொறுப்பை ஏற்பது என்று கேரன் ஓல்சன் என்ற பெண்மணியின் முயற்சியால் ஏற்பாடாயிற்று. அந்த ஏற்பாடு பின்னர் நாடு முழுவதும் பரவியது.

இத்தகைய முறை மாற்றுப் பணியில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த வாரம் பொறுப்பேற்ற தலத்தினர் அடுத்த வாரத் தலத்தினரிடம் பணியை ஒப்படைக்க வேண்டும். எத்தனை போர்வை, எந்தக் குழந்தைக்கு மருந்து, உங்கள் சமையலறையில் எதைச் சமைக்கலாம் எதைச் சமைக்கக்கூடாது, உங்கள் நோன்பு நாட்கள் எவை, எந்த நாளில் கூடம் வழிபாட்டுக்குத் தேவைப்படும் என்றெல்லாம் கேட்டே ஆக வேண்டும். ஒரு சமயத்தைப் பற்றிய நூறு பக்கக் கட்டுரையைப் படித்தாலும் மறந்துபோகலாம். நம்முடைய கவனக்குறைவால் அடுத்தவரின் நோன்பு நாளில் பகல் விருந்து ஏற்பாடாகிவிடக் கூடாது என்ற கவலை மறக்காது. புரிதல் இப்படி வேலையின் ஊடே, யாரும் கற்பிக்காமல் வந்து சேர்கிறது.

இதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐ.எஸ். அமைப்பின் வன்முறையால் இடம்பெயர்ந்த ஈராக்கியக் கிறித்தவர்களைக் கொண்டு சல்மா மூசா என்ற ஆய்வாளர் கால்பந்துப் போட்டிகள் நடத்தி, 2020இல் முடிவுகளை வெளியிட்டார். சில அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் சேர்க்கப்பட்டார்கள்; மற்ற அணிகளில் கிறித்தவர்கள் மட்டுமே ஆடினார்கள். கலப்பு அணியில் ஆடிய கிறித்தவர்கள், நல்லாட்டப் பண்புக்கான பரிசுக்கு வேறு அணியிலிருந்த முஸ்லிம் ஒருவருக்கு வாக்களிக்கவும், ஆறு மாதம் கழிந்த பின்னும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்யவும் கூடுதலாக முன்வந்தார்கள். ஆனால் ஆட்டக் களத்துக்கு வெளியே, முன்பின் அறியாத முஸ்லிம்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் பெரிய மாற்றம் தென்படவில்லை. முஸ்லிம்கள் மிகுந்த மோசுல் நகரத்து உணவகத்துக்குச் செல்வதற்கு அவர்கள் தயங்கியபடியே இருந்தார்கள். ஆகவே, ஒரே களத்தில் முளைத்த நட்பு தானாக ஊர் முழுவதும் படர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. களங்கள் பலவாக வேண்டும்: இரத்த தானம், ஏரி தூர்வாருதல், மருத்துவமனையில் துணையின்றி இருப்பவர்களுக்கு உதவுதல், வெள்ள நிவாரணம் என்று. ஒவ்வொன்றும் ஆண்டு தவறாமல் தொடரவும் வேண்டும்.

அப்படியானால் சமயத்தைப் பற்றிப் பேசவே வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். பேசத்தான் வேண்டும். வேலையோடு நின்றுவிட்டால், பத்தாண்டுகள் சேர்ந்து குப்பை அள்ளியும் ஒருவர் எதை நம்புகிறார் என்பதை மற்றவர் அறியாமலே போகலாம். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சமயத்தவர் கோயில் கட்டுவதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, 1985இல் அந்நகரத்து லூத்தரன் கிறித்தவ சபையின் ஆயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால் மூன்று நெறிகளைச் சொன்னார். ஒரு சமயத்தை அறிய விரும்பினால் அதன் பகைவரிடம் கேட்காமல் அதைப் பின்பற்றுபவரிடம் கேளுங்கள். உங்களிடமுள்ள சிறந்ததை அவர்களிடமுள்ள மோசமானதோடு ஒப்பிடாதீர்கள். நம்மிடம் இல்லையே என்று நீங்கள் ஏங்கக்கூடிய ஓர் அழகு அவர்களிடம் இருப்பதற்கு உங்கள் மனத்தில் இடம் கொடுங்கள். இரண்டாவது நெறியைக் கடைப்பிடிப்பது மிகவும் கடினம். நம் பக்கத்து மகான்களையும் எதிர்ப்பக்கத்து முரடர்களையும் தராசில் வைப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம். பல சமயத்தவர் கூடும் குழுக்களில் நெடுநாள் இருப்பவர்களும் இதற்கு விலக்கல்லர்.

மூன்றாவது நெறியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஆனால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கடைசியாகப் பேச வைத்திருந்தவற்றைச் சுருக்கித்தான் சொல்ல வேண்டும்.

புதிதாகக் குழு தொடங்குபவர்கள் முதலில் கூட்ட இடத்தையும் தலைமையையும் சுழற்சி முறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாரார் எப்போதும் விருந்தினராகவே இருந்தால் சமநிலை இராது. தொண்டு செய்யும் இடத்தில் சமயப் பிரசாரம் இல்லை என்ற உறுதியை எழுத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். உதவி பெறுபவரின் மனத்தில் அந்த ஐயம் எழுந்தால் உதவியின் மதிப்பே குன்றிப்போகும். தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்கள் உங்கள் நிகழ்ச்சிக்கு வர விரும்புவார்கள். தொண்டு செய்ய வந்தால் மண்வெட்டி கொடுங்கள், ஒலிபெருக்கி கொடுக்காதீர்கள். சமயத் தலைவர்களை மட்டும் அழைக்காமல் பெண்களையும் இளைஞர்களையும், எந்தச் சமயத்தையும் சாராதவர்களையும் அழையுங்கள். இல்லாவிட்டால் அது முதியவர்களின் சங்கமாகச் சுருங்கிவிடும். வரவுசெலவுக் கணக்கை இரு வேறு சமயத்தவர் சேர்ந்து எழுதட்டும். உறுப்பினர்கள் அனைவரின் தொலைபேசி எண்களையும் ஒரே தாளில் எழுதி ஒவ்வொருவரிடமும் கொடுத்துவையுங்கள். அந்தத் தாளையும் ஒரு சாதாரண நாளில்தான் தயாரிக்க வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.