வெறுங்கையால் முழம் போட்ட ஒரு நாள்: எஸ்ஸவீரா, மொராக்கோ

வணக்கம். நான் பேசுவது கேட்கிறதா? சந்தேகம்தான். மைக்குக்கு என் கம்பளிக் காலுறையை மாட்டியிருக்கிறேன், அப்படியும் காற்று இரைகிறது. இன்றைக்கு முழுக்க இந்தக் காற்றும் வீடியோவில் கூடவே வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நிற்பது எஸ்ஸவீராவில். மொராக்கோவின் அட்லாண்டிக் கரை, மராகேஷிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். பழைய வரைபடங்களில் மொகதோர் என்று போட்டிருக்கும். பர்ஸை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு திர்ஹாம்கூடக் கையில் இல்லை. அறை வாடகை நேற்றே கொடுத்தாயிற்று, காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். அந்த ரொட்டியில் இரண்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், பாட்டிலில் தண்ணீரும் பிடித்துக்கொண்டேன். அதனால் “சல்லிக்காசு இல்லாமல் மொராக்கோ” என்று தலைப்பு வைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன். காலை ஏழு மணி முதல் சூரியன் இறங்கும் வரை கையில் காசில்லை, அவ்வளவுதான்.

இதை இந்த ஊரில் செய்து பார்க்கத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. இது வியாபாரத்துக்காகவே கட்டிய ஊர். 1760-களில் சுல்தான் சீதி முகம்மது பின் அப்துல்லா, ஐரோப்பியர்களோடு நடக்கும் வாங்கல் விற்றல் தன் கைக்குள் இருக்க வேண்டும் என்று இந்தத் துறைமுகத்தை எழுப்பினார். சகாராவைக் கடந்து வந்த தங்கமும் நெருப்புக்கோழி இறகும் தந்தமும் பிசினும் இங்கே கப்பல் ஏறின. அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மனிதர்களும் அதே ஒட்டகப் பாதையில்தான் வந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்புறம் இந்தக் காற்று. பள்ளிக்கூடப் புவியியலில் “வியாபாரக் காற்று” என்று படித்தோமே, அதேதான். உள்ளூரில் இதற்கு தாரோஸ் என்று பெயர். வியாபார ஊர், வியாபாரக் காற்று, நடுவில் காசில்லாமல் நான்.

ஊரின் திட்டத்தை வரைந்தவர் தியோடர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அதனால் முக்கியத் தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக ஓடுகின்றன. இதில் ஒரு லாபம் உண்டு. மராகேஷின் பழைய நகரத்தில் ஒரு சந்து தவறினால், “வழி காட்டுகிறேன்” என்று யாராவது கூடவே நடந்து வந்து கடைசியில் கை நீட்டுவார். இங்கே வழி தவறவே முடியாது. தவறினாலும் கடல் இரையும் பக்கம் நடந்தால் போதும்.

சரி, துறைமுகத்துக்குள் போகலாம்.

முதலில் இந்த வாசலைப் பாருங்கள். மேலே முக்கோண முகப்பு, இரண்டு பக்கமும் தூண்கள். கிரேக்கக் கோயில் மாதிரி இருக்கிறது, ஆனால் எழுத்து அரபியில். ஹிஜ்ரி 1184, அதாவது 1770. கட்டியவர் பெயர் அஹ்மத் அல் இல்ஜ். இல்ஜ் என்றால் பிற மதத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர் என்று பொருள். அவர் ஆங்கிலேயர் என்றும் சொல்கிறார்கள். உள்ளே கொத்தளத்தின் மேல் ஏற டிக்கெட். நாம் ஏறவில்லை. வாசலைப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் துறைமுகம்தான். வரிசையாகக் கட்டிக்கிடக்கும் நீலப் படகுகளை எல்லாப் படத்திலும் பார்த்திருப்பீர்கள். ஃப்ளூகா என்கிறார்கள். நான் உங்களுக்குக் காட்ட நினைத்தது அதற்குப் பின்னால் இருக்கிறது. இதோ, மரக்கப்பல் கட்டும் இடம். இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் எலும்புக்கூடு நிற்கிறது பாருங்கள். கீழே நீளமாக ஓடுவது ஏரா, அதிலிருந்து விலா எலும்பு மாதிரி எழும்புவது வங்கு. பலகை இன்னும் பாதிதான் ஏறியிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர், இரண்டு பலகைக்கு நடுவே உள்ள இடுக்கில் நாரைத் திரித்து வைத்து, மழுங்கிய உளியால் டொக் டொக் என்று இறக்குகிறார். நம் கடற்கரையில் இதைக் கலப்பத்து என்பார்கள். இருபது நிமிடம் நின்று பார்த்தேன். ஒரு முழ நீளம் முடித்திருப்பார். ஒரு தடவை தலையைத் தூக்கி, “ஹிந்த்?” என்றார். ஆமாம் என்றேன். “ஷாருக் கான்” என்றார். மறுபடி டொக் டொக்.

பக்கத்தில் தூண்டிலில் இரை கோக்கிறார்கள். ஒரு கூடையின் விளிம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கான கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மத்தி மீன். நூல் ஒன்றோடொன்று சிக்காமல் அடுக்குவதில் இருக்கிறது வித்தை. சுற்றிலும் பூனைகள், தலைக்கு மேல் கடற்காக்கைகள். மேலே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து பேசாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தப் பக்கம் மீன் சுட்டுத் தரும் கடைகள். வாசம் வருகிறது... சரி, நடக்கலாம், நடக்கலாம்.

இது ஸ்கலா தெ லா கஸ்பா, ஊர்ப்பக்கத்துக் கோட்டை மதில். துறைமுகக் கொத்தளத்துக்குத்தான் டிக்கெட், இங்கே சும்மா ஏறலாம். ஏறக்குறைய இருநூறு மீட்டர் நீளம், கடலைப் பார்த்தபடி வெண்கலப் பீரங்கிகள். நிறைய ஸ்பெயினில் வார்த்தவை, அரச முத்திரை இன்னும் தெரிகிறது. இத்தனை பீரங்கி இருந்தும், 1844-ல் பிரெஞ்சுக் கடற்படை வந்து ஊரைக் குண்டு போட்டு நொறுக்கியபோது இவற்றால் தடுக்க முடியவில்லை. இப்போது பிள்ளைகள் குதிரை ஏறி விளையாடுகிறார்கள். உலோகம் தேய்ந்து பளபளவென்று இருப்பது அதனால்தான்.

மதிலுக்கு அடியில் வளைவு வளைவாக இருக்கும் பழைய அறைகளில் இப்போது துயா மரப் பட்டறைகள். அந்த வாசனையை எப்படிச் சொல்வது? தேவதாரு மாதிரி, கொஞ்சம் மிளகு தூவினது மாதிரி. இவர்களுக்கு மரத்தைவிட அதன் வேரடி முண்டுதான் உயர்த்தி. ஒரு கடைக்காரர் “வாங்கம்மா” என்கிற தோரணையில் கூப்பிட்டார். என்னிடம் காசு இல்லை என்று பையைத் திறந்தே காட்டினேன். சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கையில் இருந்த சின்னப் பெட்டியின் மூடி, மணல்தாள் போட்டு வெளிறிக் கிடந்தது, பழைய அட்டை மாதிரி. பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒரே இழுப்பு இழுத்தார். மரத்துக்குள்ளிருந்து கண் கண்ணாகப் புள்ளிகள் எழுந்து வந்தன, சிறுத்தைத் தோல் மாதிரி. மூடியை என் பக்கம் நீட்டி முகரச் சொன்னார்.

அப்புறம் புதினாத் தேநீர் வந்தது. வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். இதை “இலவசம்” என்று கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. விருந்தோம்பலைச் சிக்கனத்துக்கான தந்திரமாக்கிச் சொல்லிக்கொடுக்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். குடித்தேன், நன்றி சொன்னேன், நாளைக்குப் பர்ஸோடு வருவேன். அந்தக் கண்ணாடித் தம்ளரிலும் இந்தத் துறைமுகத்தின் கதை கொஞ்சம் இருக்கிறது. மொராக்கோவின் இந்தப் பழக்கம் ஊர் ஊராகப் பரவியதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். பயறு மாதிரி சுருட்டிய சீனத்துப் பச்சைத் தேயிலையை ஆங்கிலேய வியாபாரிகள் கொண்டுவந்து இறக்கிய துறைமுகங்களில் இது முக்கியமானது.

அந்த வியாபாரத்தில் பெரும் பங்கு யூதக் குடும்பங்களுடையது. சுல்தானே வீடு கொடுத்துக் குடியமர்த்திய வணிகர்கள் அவர்கள். ஊர் மக்களில் கணிசமான பேர் யூதர்களாக இருந்த காலம் உண்டு. இப்போது மெல்லாவில், அதாவது அவர்களுடைய பழைய குடியிருப்பில் நடக்கிறேன். பாதி வீடுகள் இடிந்தும் பாதி புதுப்பித்தும் கிடக்கின்றன. கதவு நிலைக்கு மேல் அறுகோண நட்சத்திரம் செதுக்கியிருப்பது தெரிகிறதா? இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய யூதர்களே இருக்கிறார்கள். மற்றவர்கள் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் போய்விட்டார்கள். 2020-ல் திறந்த பைத் தாகிரா என்ற நினைவில்லத்துக்குள் போனேன். டிக்கெட் கேட்கவில்லை. உள்ளே ஒரு சின்னத் தொழுகைக்கூடம் இருக்கிறது. வாசலில் “ஷாலோம் அலைக்கும், சலாம் லெகூலாம்” என்று எழுதியிருக்கிறது. ஹீப்ரு வணக்கம் ஒன்று, அரபி வணக்கம் ஒன்று: ஒன்றின் தலையை இன்னொன்றின் வாலோடு ஒட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே வணக்கம்தான். உள்ளே வீடியோ எடுக்கவில்லை, குடும்பப் படங்கள் நிறைய இருந்தன.

மதியம். இரண்டு ரொட்டி, கடற்கரை மணல். ரொட்டியில் பாதி மணல்.

இந்தக் காற்று இப்படி அடிப்பதால்தான் இங்கே கடலில் குளிப்பவர்களைவிடப் பட்டம் கட்டிச் சறுக்குபவர்கள் அதிகம். ஒட்டகச் சவாரிக்கு விடாமல் கூப்பிடுவார்கள். “லா, ஷுக்ரன்”, அதாவது “வேண்டாம், நன்றி” என்று ஒரு தடவை சொல்லி நடையை நிறுத்தாமல் போனால் போதும். அந்தக் கோடியில் மணலுக்குள் புதைந்துகொண்டிருக்கிறதே, அது புர்ஜ் அல் பாரூத், பழைய காவல் கோட்டையின் மிச்சம். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால் முழங்கால் தண்ணீரில் ஆற்று முகத்தைக் கடந்து பக்கத்தில் போகலாம். அமெரிக்க கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இதைப் பார்த்துத்தான் மணல் கோட்டை பற்றிய பாட்டை எழுதினார் என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். அவர் இங்கே வந்தது 1969. பாட்டு வந்தது 1967.

எதிரே தெரியும் தீவு மொகதோர் தீவு. அனுமதி இல்லாமல் இறங்க முடியாது, கரையிலிருந்தே பார்ப்போம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், அரசர் இரண்டாம் ஜூபா காலத்தில், கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த இடம் அது. ரோமாபுரிப் பெரிய மனிதர்களின் மேலங்கிக் கரைக்கு அந்த நிறம். இது செப்டம்பர் என்பதால் இன்னொன்றும் உண்டு: எலியனோரா வல்லூறுகள். மற்றப் பறவைகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகு இவை தொடங்கும். வடக்கிலிருந்து வலசை போகும் சிட்டுகள் சரியாக இந்த மாதம் கடல் மேல் களைத்துப் பறந்து வரும், குஞ்சுக்குத் தீனி ஆயிற்று. அப்புறம் மடகாஸ்கருக்குக் கிளம்பிவிடும். அதோ, நீள இறக்கை, கறுப்பாக... போய்விட்டது. என் கேமராவில் ஒரு புள்ளிதான் விழுந்திருக்கும். நம்புங்கள்.

அப்புறம் ஒரு தவறு நடக்க இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் மூலாய் ஹசன் சதுக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கெம்ப்ரி வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று நரம்பு, ஒட்டகத் தோல் போர்த்திய மரப்பெட்டி. அடித்தொண்டையில் முனகுவது போல ஒலி, நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். பக்கத்தில் ஒரு பையன் கிராகிப் என்ற இரும்புத் தாளங்களைத் தட்டினான். இதுதான் க்னாவா இசை. காலையில் சொன்னேனே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்கள் வழி வந்தது. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1998-லிருந்து இங்கே இதற்குத் திருவிழா நடக்கிறது, பெரும்பாலும் ஜூன் மாதம். சதுக்கத்தில் நடக்கும் பெரிய கச்சேரிகளை நின்று கேட்கக் காசு வேண்டாம்.

வழக்கம்போலக் கேமராவைத் தூக்கிவிட்டேன். அவர் வாசிப்பை நிறுத்தாமல் எதிரே இருந்த தொப்பியைக் கண்ணால் காட்டினார். சரிதானே. திருவிழா மேடை வேறு, தெருவில் ஒருவர் பிழைப்புக்கு வாசிப்பது வேறு. காசில்லாமல் படம் பிடித்துக்கொண்டு போனால் அது இலவசம் இல்லை, திருட்டு. கேமராவை மூடிவிட்டேன். அதனால்தான் இந்த இடத்தில் உங்களுக்குத் திரை கறுப்பாக இருக்கிறது. சத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

இப்போது மறுபடி மதில் மேல். சூரியன் இதோ, பீரங்கி வாய்க்கு நேராக இறங்குகிறது. ஊரில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள். சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள், எனக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது. இங்கே நான் பேசுவதைவிடக் காற்றைக் கேளுங்கள்.

...

மறுபடி நான்தான். அறைக்கு வந்துவிட்டேன், செருப்பைத் தட்டினால் ஒரு பிடி மணல். நடுவில் நடந்தது கேமராவில் இல்லை: பர்ஸை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குத் திரும்ப ஓடினேன். நல்லவேளை, அவர் கெம்ப்ரியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். தொப்பியில் இருபது திர்ஹாம் போட்டேன். எண்ணிப் பார்க்கவில்லை, பையனிடம் கொடுத்துவிட்டார். மீன் கடைக்குப் போனால் அடுப்பை அணைத்திருந்தார்கள். மத்தி நாளைக்குத்தான்.