பழைய கம்பைலரை எதுவரை தாங்குவது?

மொரீசியஸ் நேயர்களுக்கு வணக்கம். எபேன் சைபர் நகரில் சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதுகிற நம் பிள்ளைகளுக்குள் ஓயாத வாதம் ஒன்று உண்டு. நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைலர்களில், பழையவற்றையும் நம் மென்பொருள் தாங்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

கம்பைலரின் வயதைப் பார்க்காதீர்கள். அது எந்த இயங்குதளத்தோடு வந்தது, அந்தத் தளத்துக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறதா என்று பாருங்கள். சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் தளத்தில் இருப்பது ஜிசிசி என்ற கம்பைலரின் 4.8.5 பதிப்பு. அந்தத் தளத்துக்கு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. திருத்தமே வராத கணினிக்காக ஒரு குழு ஆண்டுக்கணக்கில் உழைப்பது வீண் என்பேன். ரெட் ஹாட் 8 என்ற லினக்ஸ் தளத்தில் உள்ள ஜிசிசி 8.5 அப்படியல்ல, அந்தத் தளத்துக்கு 2029 மே வரை பராமரிப்பு உண்டு. தாங்கும் மிகப் பழைய பதிப்பு எது என்று இன்று கீழ்வரம்பு வைப்பவர்கள் ஜிசிசி 8-இல் வைக்கலாம், மொழியின் 2017 பதிப்பான சி பிளஸ் பிளஸ் 17-உம் கிடைக்கும். கோப்புகளைக் கையாளும் ஃபைல்சிஸ்டம் நூலகத்தை மட்டும் ஜிசிசி 8-இல் தனியாக லிங்க் செய்ய, அதாவது நிரலோடு இணைக்க, வேண்டும். 9 முதல் அந்த வேலை இல்லை.

புதிய கம்பைலரிலேயே, மொழியின் 2011 பதிப்பான சி பிளஸ் பிளஸ் 11 என்று ஆப்ஷன் கொடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்த ஆப்ஷன் மொழியை மட்டுமே பின்னுக்குக் கொண்டுபோகும். கம்பைலரோடு வரும் நூலகம் புதியதாகவே இருக்கும். உதாரணமாக, ஜிசிசி 4.8-இல் உரையில் பேட்டர்ன் தேடும் ரீஜெக்ஸ் வசதிக்கான ஹெடர் கோப்பு இருக்கிறது, நிரலும் பிழையில்லாமல் கம்பைல் ஆகிறது. ஆனால் ஓடும்போது, சதுர அடைப்புக்குறி உள்ள சாதாரண பேட்டர்னுக்கே ரீஜெக்ஸ் எரர் எறிந்து நின்றுவிடும். அது உருப்படியாக வந்தது 4.9-இல்தான். புதிய பக்கத்திலும் இடறும்: எண் வகைகளைத் தரும் சிஎஸ்டிடின்ட் ஹெடரைச் சேர்க்காமலே இதுவரை ஓடிய நிரல், ஜிசிசி 13-இல் யூஇன்ட்32 என்ற எண் வகை தெரியவில்லை என்று நிற்கும். அதனால் கீழ்வரம்பு, மிகப் புதியது, இரண்டிலும் ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகவே கம்பைல் செய்து, டெஸ்ட்களையும் ஓட்ட வேண்டும். சோதிக்காத பதிப்பை ஆதரவுப் பட்டியலில் எழுதவே கூடாது.

வாடிக்கையாளரின் சர்வர் இன்னும் சென்டோஸ் 7-இல் ஓடுகிறதா? அதற்காக நிரலைப் பழைய மொழியில் எழுத வேண்டியதில்லை. கம்பைல் செய்யும் இடம் வேறு, ஓடும் இடம் வேறு. உபுண்டு 22.04 என்ற புதிய லினக்ஸில் கம்பைல் செய்து அனுப்பினால், ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் 2.34 பதிப்பு இல்லை என்று அங்கே கிளம்பவே கிளம்பாது. சென்டோஸ் 7-இல் இருப்பது 2.17. மாறாக, சென்டோஸ் 7-இலேயே, புதிய ஜிசிசி அடங்கிய டெவ்டூல்செட் 11 தொகுப்பை நிறுவிக் கம்பைல் செய்யுங்கள். தளத்தில் இல்லாத புதிய நூலகப் பகுதிகளை அது நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காகச் சேர்த்துவிடும், மற்றவற்றைத் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டுப்பாடு உண்டு: உரையை வைக்கும் ஸ்ட்ரிங்குக்கு ஜிசிசி 5-க்கு முந்தைய பழைய ஏபிஐதான், அதாவது கம்பைல் ஆன பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் பழைய முறைதான். வெளியிலிருந்து வாங்கிய நூலகத்தை லிங்க் செய்யும்போது ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற சொல்லோடு பிழைகள் வரிசைகட்டி வந்தால், அது புதிய ஏபிஐ-யில் கட்டியது என்று பொருள். அதையும் இங்கேயே மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

ஆதரவை நிறுத்துவதைச் சிறு திருத்தப் பதிப்பில் செய்யாதீர்கள். ஒரு வெளியீட்டுக்கு முன்பே அறிவித்து, பெரிய பதிப்பில் நிறுத்துங்கள். கம்பைல் வேலையை அமைக்கும் சிமேக் கருவியின் கோப்பில், தொடக்கத்திலேயே கம்பைலரின் பதிப்பைச் சரிபார்த்து, ‘ஜிசிசி 8 அல்லது அதற்கு மேல் தேவை; பழையதுக்கு இன்ன கிளையை எடுங்கள்’ என்று நிறுத்தும் வரியைச் சேருங்கள். இல்லாவிட்டால் பயனருக்குக் கிடைப்பது பக்கம் பக்கமாக டெம்ப்ளேட் பிழைகள்தான்.