வம்சாவளியை டெக்ஸ்ட்டா போடலாமா, ஹெச்டிஎம்எல்லா போடலாமா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "தாத்தா எழுதி வச்ச வம்சாவளி நோட்டு, பழைய கிரயப் பத்திரம் எல்லாத்தையும் டைப் பண்ணிட்டேன். சொந்தக்காரங்க பாக்குற மாதிரி நெட்ல போடணும். வெறும் டெக்ஸ்ட் ஃபைலா போடட்டுமா, ஹெச்டிஎம்எல் பக்கமாவா?"ங்கிறாங்க.

மூலப் பிரதி டெக்ஸ்ட்லயே இருக்கட்டும்மா. ஹெச்டிஎம்எல்லை, அதாவது பிரவுசர்ல லிங்க், படத்தோட திறக்குற வலைப்பக்கத்தை, அதுலேர்ந்து செஞ்சுக்கங்க. அமெரிக்காவுல யூஎஸ்ஜென்வெப் ஆர்க்கைவ்ஸ்னு 1996ல ஆரம்பிச்சாங்க. தன்னார்வலர்கள் உயில், கல்லறைக் கல்வெட்டு, பழைய சென்சஸ்னு உக்காந்து டைப் பண்ணிப் போட்டாங்க. பெரும்பாலும் டெக்ஸ்ட் ஃபைல்தான். இன்னிக்கும் எந்த போன்லயும் திறக்குது, தேடினா பேரு கிடைக்குது. வம்சாவளி சாஃப்ட்வேர்கள் தங்களுக்குள்ள தகவல் மாத்திக்கிற ஜெட்காம் கூட உள்ளுக்குள்ள டெக்ஸ்ட்தான்.

ஆனா தமிழுக்குன்னு ரெண்டு சிக்கல் இருக்கு. நோட்பேட்ல சேவ் பண்றப்ப என்கோடிங், அதாவது எழுத்தை கம்ப்யூட்டர் சேமிக்கிற முறை, யூடிஎஃப்-8னு இருக்கான்னு பாருங்க. தமிழுக்கு இடமில்லாத பழைய முறையான ஆன்சின்னு இருந்தா ஒரு எச்சரிக்கை வரும், படிக்காம ஓகே குடுத்தீங்கன்னா மறுபடி திறக்கும்போது தாத்தா பேரு பூரா கேள்விக்குறியா நிக்கும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சிருந்தா, முதல்ல எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாத்திடுங்க. இன்னொண்ணு, இங்கிலீஷ்காரங்க ஸ்பேஸ் தட்டியே கட்டம் கட்டிடுவாங்க. நம்ம எழுத்துல 'டு' ஒரு அகலம், 'ணௌ' ஒரு அகலம். எவ்வளவு ஸ்பேஸ் தட்டினாலும் பத்தி நேரா வராது. அதனால கட்டம் கட்டாதீங்க. ஒரு ஆளுக்கு ஒரு வரி, நடுவுல டேப், முன்னாடி ஒரு எண். அப்பா யாரு, அம்மா யாருங்கிறதை அவங்க எண்ணைப் போட்டுக் காட்டுங்க.

அந்த எண் ஏன் முக்கியம்னா, நம்ம வீடுகள்ல அக்கா மகளைக் கட்டியிருப்பாங்க. ஒரே பொண்ணு ஒரு பக்கம் பேத்தி, இன்னொரு பக்கம் மருமக. டெக்ஸ்ட்ல வரிசையா எழுதினா அவங்க ரெண்டு இடத்துல வந்து, படிக்கிறவங்க ரெண்டு ஆளுன்னு நினைச்சுக்குவாங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே எண் இருந்தாத்தான் ஒரே ஆளுன்னு தெரியும். ஹெச்டிஎம்எல்லோட அருமை இங்கதான். அவங்களுக்கு ஒரே பக்கம், ரெண்டு கிளையிலேர்ந்தும் லிங்க். போட்டோவும் பக்கத்துலயே வச்சுக்கலாம். அழகுக்குன்னு வெளியிலேர்ந்து ஸ்க்ரிப்ட், ஃபான்ட் எல்லாம் இழுக்காதீங்க. அந்த சைட் நின்னுபோனா உங்க பக்கமும் கோணலாயிடும். பக்கத்தோட தலைப்பகுதியில, என்கோடிங் யூடிஎஃப்-8னு பிரவுசருக்குச் சொல்ற மெட்டா வரியை மட்டும் மறந்துடாதீங்க.

பத்திரத்தை எல்லாம் உள்ளது உள்ளபடியே டைப் பண்ணுங்க. ஒரு பேரைப் பிழையா எழுதியிருந்தாலும் அதுதான் ஆவணம், உங்க திருத்தத்தைக் கீழே குறிப்பா போடுங்க. ஃபைல் தலைப்புலயே எந்த நோட்டு, எந்தப் பத்திரம், யாரு டைப் பண்ணது, எப்போன்னு எழுதிடுங்க. ஃபைலை தனியா காப்பி பண்ணி வேற ஒருத்தருக்கு அனுப்பினாலும் அந்த விவரம் கூடவே போகும்.

அப்புறம், உயிரோட இருக்கறவங்களோட பிறந்த தேதி, விலாசம், போன் நம்பரை நெட்ல போடவே போடாதீங்க. முழு ஃபைல் வீட்ல, ரெண்டு மூணு சொந்தக்காரங்க கிட்ட இருக்கட்டும். உயிரோட இருக்கறவங்க விவரத்தை நீக்கின பிரதியை மட்டும் நெட்ல ஏத்துங்க.