காண்ட் திரும்பிய வாசல்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, மனித அறிவுக்குத் தாண்ட முடியாத எல்லை உண்டு என்ற ஜெர்மன் தத்துவஞானி காண்டின் கூற்று சரியா, எல்லையை எல்லையென்று அறிந்தபோதே அதைக் கடந்துவிட்டோம் என்ற, அவருக்குப் பின்வந்த ஜெர்மன் தத்துவஞானி ஹெகலின் கூற்று சரியா என்னும் இவ்வழக்கில், நான் காண்டின் தரப்பில் நிற்கிறேன்.

புலன்களுக்குக் காத்திராமல் முழுமையை நேரே காணும் முடிவிலா அறிவு என்ற கருத்தைத் தாமே முன்வைத்த காண்ட், அதன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார் என்று எதிரணித் தோழர் குறைப்பட்டார். 1802-இல் ஹெகல் வைத்த குற்றச்சாட்டும் ஏறத்தாழ இதுதான்; ஆகவே என் பதில் இருவருக்கும் சேரும்.

காண்ட் 1790-இல் வெளியிட்ட ‘தீர்ப்புத்திறன் பற்றிய விமர்சனம்’ நூலின் 77-ஆம் பிரிவை ஒரு புல்லைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம். நாம் வேர், தண்டு, இலை என ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றைக் கூட்டித்தான் புல் என்ற முழுமைக்கு வருகிறோம். ஆனால் வேர் இலைக்கும் இலை வேருக்கும் ஊட்டுவதைக் காணும்போது, முழுமையே முன்னின்று உறுப்புகளை அமைத்ததுபோல் தோன்றுகிறது. முழுமையை முதலில் கண்டு உறுப்புகளுக்கு இறங்கிவரும் அறிவுக்கு இந்தத் திகைப்பு இராது. அத்தகைய அறிவை முரணின்றி எண்ணலாம் என்பதோடு காண்ட் நிறுத்திக்கொண்டார். அது நம்மிடம் உண்டு என்று அவர் சொல்லவில்லை. நம் அறிவின் தன்மையை உரசிப் பார்க்கும் உரைகல் அது. (புல்லை விளக்க டார்வின் வந்துவிட்டாரே என்று நடுவர் புன்னகைக்கிறார், அது வேறு வழக்கு.)

எல்லையை அறிய அப்பால் போயிருக்க வேண்டும் என்பது வேலிக்குப் பொருந்தும். நம் அறிவோ தனிப்பொருள்களைத் தானே ஆக்கிக்கொள்ளாமல், புலன்கள் தரட்டும் என்று காத்திருக்கிறது. இதை அறிய வெளியே போக வேண்டியதில்லை, அந்தக் காத்திருப்பே சொல்லிவிடும். எண்ணத்திலுள்ள நூறு தாலரைவிடப் (தாலர் அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) பையிலுள்ள நூறு தாலரில் ஒரு காசும் கூடுதலில்லை என்றார் காண்ட். ஆனாலும் கடனை அடைக்கப் பையிலுள்ளதுதான் வேண்டும். எண்ணும்போதே பொருள் உண்டாகிவிடும் அறிவுக்கு ‘இருக்கலாம்’, ‘இருக்கிறது’ என்ற இரண்டு சொற்கள் தேவையில்லை. எதிரணியினர் இவ்விரண்டையும் இன்றுவரை பிரித்தே பேசுகிறார்கள்; ஆக, அவர்கள் அறிவும் எல்லைக்குட்பட்டதே.

ஹெகலின் காலத்திலேயே குரூக் என்ற தத்துவ ஆசிரியர், எல்லாவற்றையும் கருத்திலிருந்தே தருக்கத்தால் வருவிக்க முடியுமென்றால் தம் எழுதுகோல் ஒன்றை வருவித்துக் காட்டுங்கள் என்று கேட்டார். தத்துவத்திற்கு அதைவிடப் பெரிய வேலைகள் இருக்கின்றன என்று ஹெகல் அவரை எள்ளி நகையாடினார். அடுத்து எழவிருக்கும் எதிரணிப் பேச்சாளர், எள்ளலை விட்டு, அந்த எழுதுகோலுக்குப் பதில் சொல்லட்டும்.