நாலு ராஸ்பெரி பைக்கு ஒரு கேஸ்

[காட்சி: மேசையில் நான்கு போர்டு, ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், பின்னிக் கிடக்கும் வயர்கள்]

இதுதான் போன மாதம் வரைக்கும் என் கிளஸ்டர், அதாவது ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டம். ஒரே போர்டில் அடங்கும் குட்டிக் கணினியான ராஸ்பெரி பை 4 நான்கு, அடியில் ஒரு அட்டைப்பெட்டி மூடி. ஓடத்தான் செய்தது. மேசையைத் துடைக்கப் போய் ஒரு வயர் மாட்டி இழுக்க, மூன்று போர்டு தரையில். அதற்கப்புறம்தான் கேஸ் தேட ஆரம்பித்தேன்.

கடையில் கண்ணைப் பறிப்பது கலர் லைட்டு வைத்த கேஸ்கள்தான். நான் பார்ப்பது எஸ்டி கார்டு வழியை. பை 4-ல் கார்டு போர்டின் அடியில், ஓரத்தில் செருகியிருக்கும். கேஸின் சுவர் அந்த ஓரத்தை மறைத்தால், ஒரு கார்டு மாற்ற மொத்த அடுக்கையும் பிரிக்க வேண்டும். நான் இரண்டு முறை பிரித்தேன்.

[காட்சி: போர்டின் நெட்வொர்க் பக்கம், நெருக்கத்தில்]

அடுத்து, எந்த மாடலுக்கான கேஸ் என்று பாருங்கள். போர்டு 85-க்கு 56 மில்லிமீட்டர், பை 4, பை 5 இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் பை 5-ல் யுஎஸ்பியும் நெட்வொர்க் போர்ட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. அதனால் மூடிய கேஸ் ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குப் பொருந்தாது. தட்டுத் தட்டாக அடுக்கும் திறந்த கேஸில் இந்தத் தலைவலி குறைவு. என் ஓட்டு அதற்குத்தான்.

மின்சாரத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பை 4 ஒன்றுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர். நாலுக்கு 60 வாட். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறைக்குப் போனால் அடாப்டர்கள் ஒழியும். ஆனால் ஒவ்வொரு போர்டின் தலையிலும் ஒரு ஹேட், அதாவது மேலே செருகும் துணை போர்டு, ஏறும். தட்டுக்குத் தட்டு இடைவெளி அதற்குப் போதுமா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். பை 4-க்கான பிஓஇ ஹேட் பை 5-ல் உட்காராது, அது மின்சாரம் எடுக்கும் நான்கு பின்னும் இடம் மாறிவிட்டன.

[காட்சி: அக்ரிலிக் தட்டிலிருந்து தாளை உரிக்கும் விரல்]

சரி, கோர்க்கலாம். தட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் கிளப்பி உரியுங்கள். பை போர்டின் ஓட்டை 2.7 மில்லிமீட்டர், எம்2.5 திருகு சரியாக இறங்கும். வீட்டில் கிடக்கும் எம்3-ஐ அழுத்தித் திருகாதீர்கள். பித்தளைத் தூண்களைக் கையாலேயே முடுக்குங்கள், ஸ்க்ரூடிரைவரால் கடைசியில் கால் சுற்று போதும். நான் வீரம் காட்டியதில் முதல் தட்டு மூலையில் கீறல் விட்டது, இதோ.

நாலு மூலையும் லேசாகப் பிடித்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் கடைசித் தூண் ஓட்டைக்கு நேராக வராது.

[காட்சி: அடுக்கின் பக்கவாட்டில் சுழலும் ஃபேன்]

பை 80 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நடுத் தட்டுகளில் காற்று தேங்கும் என்பதால், மேலே ஒரு ஃபேன் வைப்பதைவிடப் பக்கவாட்டில் ஒரு பெரிய ஃபேன் வைத்து எல்லாத் தட்டுக்கும் குறுக்கே ஊதவிடுவேன்.

கேபிள் கடைசியில்தான். ஒரு சாண் நீளமே தாராளம். கீழ்த்தட்டுக்கு 1 என்று ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்விட்ச்சிலும் 1-ஆம் போர்ட்டிலேயே செருகுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மூன்றாவது போர்டை அணைப்பதாக நினைத்து இரண்டாவதன் வயரைப் பிடுங்கிய பிறகு ஒட்டிய ஸ்டிக்கர்கள் இவை.