வெலிங்டன் சந்தியில் திரும்புங்கள்

நடுவர் ஐயா அவர்களே, தீர்ப்பு வருவதற்கு முன்பே வென்றுவிட்டவர்களைப் போலத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அன்பர்களே, நாற்காலி போதாமல் மதிலில் ஏறி இருக்கும் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சனசமூக நிலையம் ஆண்டு விழாவுக்கு வைத்திருக்கும் கேள்வி இது: ஒரு நகர்ப் பகுதிக்கு முகம் கொடுப்பவை அதன் கட்டடங்களா, அங்கே கூடி வாழும் சனமும் அவர்களின் கலையுமா? சனமும் கலையும்தான் என்று சொல்லும் அணியில் நான் கடைசி ஆள். நான் எழுந்ததுமே எதிரணித் தம்பி சிரித்தார். காரணம் சபைக்குத் தெரியும். 32 வருடம் வீட்டு வரைபடம் கீறிக் கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். இந்த ஒழுங்கையிலேயே நான்கு வீடு என் கையால் கீறியவை. "சுவரை விற்றுச் சாப்பிட்டவர் சுவருக்கு எதிராகப் பேச வந்திருக்கிறார்" என்று தம்பி சொன்னபோது நீங்கள் கைதட்டினீர்கள். தட்டியவர்களில் என் மனைவியும் ஒருவர். பார்த்தேன்.

நல்லது. சுவரைத் தெரிந்தவன் என்ற உரிமையோடு பேசுகிறேன்.

எதிரணித் தலைவி அக்கா கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், புதிய கலாசார மையம் என்று அடுக்கிவிட்டு, "இவற்றை எடுத்துவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு ஏது முகம்?" என்று கேட்டார். முதல் இரண்டிலும் நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658இல் பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகப் பெருப்பித்தார்கள். மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்துபோனதன் நினைவுச் சின்னம். ஒன்று நம்மை அடக்கி வைக்க, மற்றது அவர்களுடைய இளவரசரை நினைத்துக்கொள்ள. இதில் நம் முகம் எங்கே இருக்கிறது? மாலையில் கோட்டை மதிலில் போய் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறோமே, அங்கே கொஞ்சம் இருக்கலாம்.

நூலகத்தை அப்படித் தாண்டிப் போக மாட்டேன். அக்காவின் வாதத்துக்கு அதுதான் தூண். அந்தத் தூணைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கிறேன். 1933இல் கே. எம். செல்லப்பா என்ற ஒரு மனிதர் தன் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஊரார் கூடி, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை பிடித்து, 844 புத்தகங்களோடு நூலகத்தைத் திறந்தார்கள். அக்கா போற்றும் அந்த வெள்ளைக் கட்டடம், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் கீறிய கட்டடம், திறக்கப்பட்டது 1959இல். அதாவது 25 வருடம் யாழ்ப்பாணத்துக்கு நூலகம் இருந்தது, நூலகக் கட்டடம் இருக்கவில்லை. பிறகு 1981 மே 31ஆம் திகதி இரவு. அந்தக் கதையை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கட்டடம் திரும்பி வந்துவிட்டது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் திருத்த வேலை நல்ல வேலை. கும்மட்டம் அப்படியே நிற்கிறது. வரைபடம் இருந்தால் சுவரை எத்தனை தரமும் எழுப்பலாம். எரிந்துபோன 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் திரும்பி வந்தனவா? அக்கா, நாம் நாற்பது வருடத்துக்கு மேலாக எதற்காக அழுகிறோம், சீமெந்துக்கா?

கலாசார மையத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தியா தந்த கொடை, அழகான மண்டபம். புல்லுக்குளத்தருகே நின்று அதன் மாடிகளை நானும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். தொழில் பழக்கம் விடாது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயர் வைத்தார்கள். வள்ளுவர் மேல் யாருக்கும் கோபமில்லை. யாழ்ப்பாணம் எங்கே போயிற்று என்றுதான் சனம் கேட்டது. சில நாட்களில் யாழ்ப்பாணம் என்ற சொல் பெயருக்கு முன்னால் வந்து நின்றது. அத்தனை உயரக் கட்டடத்தால் தான் எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. கீழே நின்றவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி என் பக்கத்துச் சாட்சிகள்.

இணுவிலை எடுங்கள். ஊரின் பெருமை எது என்று கேட்டால் கந்தசுவாமி கோயில் மஞ்சத்தைக் காட்டுவார்கள். அது சக்கரத்தில் போகும் மரச்சிற்பம், அத்திவாரம் இல்லாதது. மஞ்சத்துக்கு முன்னால் காதுக்கு வருவது தவில். தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933-1975) அந்த மண் தந்தவர். தகப்பனார் விசுவலிங்கமும் தவில்காரர். வித்துவான் வீட்டில் வித்துவான் பிறப்பது அதிசயமில்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வித்துவானை வளர்த்தது யார்? நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கக் கோயில்களில் மேளச்சமா விடிய விடிய நடக்கும். ஆறேழு கூட்டம் மேளம் வந்து ஒன்றையொன்று விஞ்சப் பார்க்கும். வீதி மணலில் பாயை விரித்துப் படுத்திருப்பவர்கள் நித்திரை என்று நினைப்பீர்கள். கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். தாளத்தை முடிக்கும் ஒரு தீர்மானம் அரை அட்சரம் தவறி விழுந்தால் முதலில் நிமிர்ந்து பார்ப்பவர் கச்சான் விற்கும் ஆச்சி. அப்படிப்பட்ட ஆச்சி இருக்கிற வீதியில் தவில்காரர் ஏனோதானோ என்று வாசிக்க முடியுமா? அந்த ஆச்சியை எந்த வரைபடத்தில் நான் கீறுவது?

என் மனைவியின் ஊர் குருநகர். கைதட்டியதற்குப் பழிவாங்கலாக அந்த ஊரைப் பற்றியும் பேசப் போகிறேன். கடலுக்குப் போய் வந்த உடம்போடு, இரவில் மாதக்கணக்காகக் கூத்துப் பழகுவார்கள். அண்ணாவியார் கையில் பழைய கொப்பி. அவர் ஒரு வரி சொல்ல, வலை இழுத்துத் தடித்த கைகள் அரசனுக்குரிய வீச்சை வீசும். மாமனாரின் ஒழுங்கையில் ஒருவர் எப்போதோ ஒரு கூத்தில் ராசாவாக ஆடியிருக்கிறார். நான் மாப்பிள்ளையாகப் போனபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. தகரக் கூரை வீடு, முற்றத்தில் கிழிந்த வலை. ஆனால் எல்லோரும் "ராசா வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கை" என்றுதான் வழி சொன்னார்கள். தபால்காரரும் அப்படித்தான் கேட்டு வந்தார். பக்கத்தில் மூன்று மாடி வீடு ஒன்று எழுந்தது. அந்த மூன்று மாடிக்கும் விலாசம் ராசா வீட்டுக்கு எதிர்ப்பக்கம். என் மனைவி மேடை ஏறியவர் இல்லை. ஆனால் நான் குளிக்கும்போது அந்தக் கூத்துப் பாட்டைப் பிழையாகப் பாடினால் அடுக்களையிலிருந்து திருத்தம் வரும்.

1965இல் மரியசேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். தவக்காலத்தில் அவர்கள் மேடையேற்றிய இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் எங்கள் ஒழுங்கைச் சைவப் பையன் ஒருவன் உரோமைப் போர்வீரனாக ஈட்டி பிடித்து நின்றான். நெற்றியில் திருநீற்றை அழித்துவிட்டு ஏறு என்று தாய் சொல்லி அனுப்பினாள். போர்க்காலத்தில், மின்சாரமில்லாமல், மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலில் திரி போட்டு வெளிச்சம் கண்ட நாட்களிலும் நாடகம் பழகினார்கள். வரைபடக் கந்தோர்கள் அப்போது பூட்டிக் கிடந்தன. எனக்கு வேலை இல்லை, அண்ணாவியாருக்கு இருந்தது.

இங்கே எதிரணித் தம்பி எழுந்து, தெருவின் பெயர்கள் என்ன ஆவது என்று கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தட்டார் இருந்த தெரு தட்டாதெரு. கன்னார் இருந்த திட்டி கன்னாதிட்டி. பெயர் வந்தது தெருவாலா, உலைக்கு முன் குந்தி இருந்த கையாலா? ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தப் பெயர்களுக்குள் சாதியும் இருக்கிறது. கூடி வாழ்ந்தோம் என்று நான் பெருமை பேசும் அதே ஊரில் சிலரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. சனம்தான் முகம் என்று சொல்கிற நான், அந்த முகத்தில் உள்ள தழும்பையும் என் பக்கக் கணக்கில்தான் எழுத வேண்டும். கட்டடத்தின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

முதல் மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. முக்கியமான சாட்சி இனித்தான் வருகிறது.

ஒக்டோபர் 30. இந்தத் திகதி யாழ்ப்பாணத்துக்கு இரண்டு தரம் வந்தது. 1990இல் நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். சோனகதெருவும் ஐந்துசந்தியும் அன்று மாலைக்குள் வெறுமையாகின. சுவர்கள் நின்றன, கடைப் பலகைகள் நின்றன. பாங்கொலி இல்லை. என் காற்சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர் இல்லை. நான் சைக்கிளில் அந்த வழியால் போனேன். சோனகதெரு என்ற பெயர் மட்டும் ஆளில்லாத சட்டை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அயலவர்களான நாங்கள் அன்று என்ன செய்தோம் என்ற கேள்வி இந்த மேடையில் தீராது. கட்டடம்தான் ஊர் என்றால், எதிரணி அன்பர்களே, அன்றைக்கு அங்கே எதுவும் குறைந்திருக்கக் கூடாதே?

ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே திகதியில் போர் துரத்த நாங்கள் ஊரை விட்டுப் போனோம். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் இலட்சக்கணக்கான சனம். நான் கீறிய வீடுகள் எல்லாம் எனக்குப் பின்னால் பூட்டியபடி நின்றன. அடுத்த வருடம் திரும்பி வந்தோம். என் வீடு நின்றது; கதவு, யன்னல் இல்லை, முற்றத்தில் இடுப்பளவு புல். ஒழுங்கையில் பாதி வீடுகள் அப்படியே இருந்தன. ஆனால் அது எங்கள் ஒழுங்கை போல இருக்கவில்லை. நான் என் கேற்றையே தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, இதே நிலையத்தின் வாசிகசாலையில், அப்போது கூரை இல்லை, யாரோ ஒருவர் மேசையைத் துடைத்துப் பத்திரிகை ஒன்றை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டுப் போயிருந்தார். புதிய பத்திரிகை அல்ல. நாங்கள் ஓடுவதற்கு முன் வந்தது, மாதக்கணக்கில் பழையது, மழையில் ஊறிக் காய்ந்தது. மாலைக்குள் பதினொரு பேர் சுற்றி நின்று வாசித்தோம். எல்லோரும் ஏற்கனவே வாசித்த செய்திதான். ஒருவர் மரண அறிவித்தல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர், "அவரை எனக்குத் தெரியும்" என்றார். அங்கிருந்து கதை தொடங்கியது. இருட்டின பிறகும் யாரும் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது என் கேற்றை நான் தவறவிடவில்லை.

எதிரணித் தம்பி ஓவியர் சனாதனனை எடுத்துக் காட்டினார். இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிய வீட்டு வரைபடங்களைச் சேர்த்து 2011இல் அவர் நூலாக்கியது உண்மை. "பாருங்கள், சனம் வீட்டைத்தானே நினைக்கிறது" என்றார் தம்பி. நல்ல வாதம், நான் கொஞ்சம் பயந்துகூடப் போனேன். ஆனால் கனடாவிலிருந்து வந்து, இடிந்துபோன தங்கள் வீட்டைத் திரும்பக் கீறித் தரச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் பலர். அறை எத்தனை அடி என்று கேட்டால் விழிப்பார்கள். "இந்த மூலையில் அம்மா இடியப்பம் அவிப்பார், இந்த வேலியில் ஒரு பொட்டு, அதற்குள்ளால்தான் பெரியம்மா வீட்டுக்குப் போவோம்" என்பதை அங்குலம் பிசகாமல் சொல்வார்கள். நான் பொட்டைக் கீறிக் கொடுத்தேன். வேலி இருந்த இடத்தில் அவர்கள் எட்டடி மதில் கட்டினார்கள். பெரியம்மா இப்போது ஸ்காபரோவில்.

மதில்களுக்கு வண்ணம் தீட்டுவதுதானே உங்கள் கலை என்று கிண்டலும் வந்தது. 2019 கடைசியில் இளைஞர்கள் நாடெங்கும் தீட்டினார்கள், இங்கும் தீட்டினார்கள். சில நல்ல படங்கள், சில வெறும் நிறம். பாதியை மழை கொண்டுபோயிற்று. போகட்டும். தீட்டிய பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த வீடுகள் எவை என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் சொல்வார்கள்.

இரண்டாவது மணி. சரி ஐயா, இறங்குகிறேன். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு. நீங்கள் வவுனியாவிலிருந்து இன்றுதான் முதல் தடவையாக எங்கள் நிலையத்துக்கு வந்தீர்கள். கைத்தொலைபேசியில் உங்களுக்கு வழி சொன்னவர் எதிரணித் தலைவி அக்கா. நான் பக்கத்தில் நின்றேன். "வெலிங்டன் சந்தியில் திரும்புங்கள், பிறகு யாரையாவது கேளுங்கள்" என்றார். திரும்பினீர்கள், கேட்டீர்கள், நேரத்துக்கு வந்தும் சேர்ந்தீர்கள். வரும் வழியில் வெலிங்டன் தியேட்டரைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அது இல்லாமல் போய் நெடுங்காலம். தீர்ப்பு எழுதுவதற்கு முன் அக்காவை ஒருதரம் கேளுங்கள், எந்தக் கட்டடத்தை நம்பி உங்களுக்கு வழி சொன்னார் என்று.